ஊசி முனையில் உண்மை

“நுரையீரலில் நிழல் ஒன்று தெரிகிறது” என்கிறார் மருத்துவர். படத்திலே, விலா எலும்புகளின் வரிசைக்கு நடுவே, வெள்ளையாய் ஒரு திட்டு. எலுமிச்சம்பழ அளவு இருக்கும், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் உறக்கத்தைப் பறிக்க அதுவே போதுமானதாகிவிடுகிறது.

“மூன்று மாதமாக இருமல், காசநோயாகத்தான் இருக்கும். மாத்திரையைத் தொடங்கிவிடலாம்” என்கிறார் ஒருவர். “புகை பிடித்த உடம்பு, இது புற்றுநோய். இனி என்ன செய்தும் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்கிறார் மற்றொருவர். “ஏழரைச் சனி நடக்கிறது, பரிகாரம் செய்தால் விலகிப் போகும்” என்கிறார், எந்தக் கேள்விக்கும் விடையைக் கையிலேயே வைத்திருக்கும் மூன்றாமவர். மூவரும் உறுதியோடு பேசுகின்றனர். மூவரில் எவரும் அந்தத் திட்டு எதனால் ஆனது என்று பார்த்ததில்லை!

“ஊசி வழியாகச் சிறிது சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்று மருத்துவர் சொன்னதுதான் தாமதம், அதுவரை மூன்று பக்கமாகப் பிரிந்து நின்றவர்கள் ஓரணியில் திரண்டுவிடுகின்றனர். “ஊசியா? வேண்டாங்க டாக்டர்! ஊசி பட்டால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடுமாமே!”

தோழர்களே! இந்த வீட்டை நீங்கள் அறிவீர்கள். உங்கள் தெருவில் இருக்கும். உங்கள் உறவில் இருக்கும். சான்று ஏதுமற்ற ஊகத்தை வரவேற்று உட்காரவைத்து உபசரிக்கும் அந்த வீடு, சான்றைக் கொண்டுவரும் ஊசியைக் கண்டதும் கதவைச் சாத்துகிறது. ஏன்? அந்த ஊசி எங்கே பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது, இன்று எவ்வாறு ஒலியையே தன் கண்ணாகக் கொண்டு இயங்குகிறது என்ற வரலாற்றை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிப் பார்ப்போம்.

*

மருத்துவனின் கைக்கு எளிதில் பிடிகொடாத உறுப்பு நுரையீரல். வயிற்றை அழுத்திப் பார்க்கலாம்; கழுத்தைத் தடவிப் பார்க்கலாம்; நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கலாம். நுரையீரலோ, 12 இணை விலா எலும்புகள் கட்டிய கூண்டுக்குள்ளே, கணமும் ஓயாமல் விரிந்து சுருங்கிக் கொண்டிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே நிற்பவன் அறிவது எப்படி?

முதல் விடையைத் தந்தவர், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து விடுதிக்காரர் ஒருவரின் மகன், லியோபோல்டு அவென்பிரக்கர். பீப்பாயில் மது எதுவரை நிற்கிறது என்பதைத் திறந்து பாராமலே, தட்டிப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தைத் தந்தையின் விடுதியிலே அவர் கண்டிருந்தார் என்பர். காற்றுள்ள இடம் ‘டம்’ என்னும்; நீருள்ள இடம் மந்தமாக ஒலிக்கும். மனித மார்பும் ஒரு பீப்பாய்தானே என்று எண்ணிய அவர், வியன்னா மருத்துவமனையில் நோயாளிகளின் மார்பைத் தட்டித் தட்டிக் கேட்டார். இறந்தவர்களின் உடலைத் திறந்து, தாம் கேட்டது சரியா என்று ஒப்பிட்டார். 1761-இல் அதைச் சிறு நூலாக வெளியிட்டார்.

உலகம் மாலை சூட்டியதா? இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்த நூல் கேட்பாரற்றுக் கிடந்தது. நெப்போலியனின் மருத்துவர் கார்விசார் என்பவர் 1808-இல் அதைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து, விளக்கம் எழுதி வெளியிட்ட பிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு, 1809-இல், அவென்பிரக்கர் மறைந்தார்.

கார்விசாரிடம் பயின்றவர் லென்னெக். பாரிஸ் நகரில், 1816-இல், இளம்பெண் ஒருத்தியின் மார்பிலே காதை வைத்துக் கேட்பது தகாது எனத் தயங்கிய அவர், தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். நேரே காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது! இன்று ஒவ்வொரு மருத்துவரின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பின் மூதாதை அந்தத் தாள் குழல்தான். பிறர் மார்பிலே காசநோயின் ஒலியைக் கேட்டறியக் கற்றுத் தந்த லென்னெக், 1826-இல், தம் 45-ஆம் வயதில், அதே காசநோய்க்கு இரையானார்.

தட்டிக் கேட்டனர், குழல் வைத்துக் கேட்டனர். ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சி நின்றது. கேட்டது சரிதானா என்பதற்குச் சான்று எப்போது கிடைத்தது? நோயாளி இறந்த பிறகு! பிணத்தை அறுத்துப் பார்க்கும் மேசையின் மீதுதான் உண்மை வெளிப்பட்டது. அறிவு வளர்ந்தது, அறிவுக்குக் காரணமாயிருந்த நோயாளிக்கு அதனால் பயனில்லை. உயிரோடு இருக்கும்போதே சான்று வேண்டும் என்ற வேட்கையிலிருந்துதான் ஊசியின் வரலாறு தொடங்குகிறது.

*

1882 மார்ச் 24. பெர்லின் நகரில் ராபர்ட் காக் எழுந்து நின்று, காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். அதுவரை, குடும்பச் சாபம், உடல்வாகு, கெட்ட காற்று என்றெல்லாம் பேசப்பட்ட நோய், நுண்நோக்கியின் கீழே ஒரு சிறு கோலாகக் காட்சியளித்தது. நோய்க்கு முகம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கலாம் என்று ஆனபின், பாராமலே பெயர் சூட்டுவது எவ்வகையில் நியாயம்?

மறு ஆண்டே, 1883-இல், ஜெர்மானிய மருத்துவர் லைடன், நுரையீரல் அழற்சியால் வாடிய நோயாளியின் மார்புக்குள் ஊசியைச் செலுத்தி, நுரையீரலிலிருந்து நீரை எடுத்து, அதிலே கிருமியைத் தேடினார். 1886-இல், பிரான்சின் மெனட்ரியே, அவ்வாறே ஊசியால் எடுத்த பொருளைக் கொண்டு நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிந்தார். உயிரோடு இருப்பவரின் நுரையீரலிலிருந்து சான்று வந்துவிட்டது!

ஆனால் அந்த ஊசி குருட்டு ஊசி. எங்கே செல்கிறது, எதைத் தொடுகிறது, எந்த இரத்தக் குழாயை உரசுகிறது என்பது செலுத்துபவருக்கே தெரியாது. குறி தவறினால் சான்று இல்லை. வழி தவறினால் ஆபத்து. ஆகவே, கருத்து பிறந்தும் கண் இல்லாமையால் அது நெடுங்காலம் தவழ்ந்தே கிடந்தது.

1895 நவம்பர் 8-ஆம் நாள், வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் புதுவகைக் கதிரைக் கண்டார். சதையை ஊடுருவி எலும்பைக் காட்டும் அந்தக் கதிருக்கு, இன்னதென்று அறியாததால் எக்ஸ் என்று பெயரிட்டார். காப்புரிமை பெற்றுச் செல்வம் குவிக்க மறுத்து, உலகுக்கே அதை விட்டுவிட்டார். மார்புக் கூண்டுக்குள் முதன்முதலாக ஒளி புகுந்தது.

ஒளி புகுந்தது, ஆனால் கிடைத்தது நிழல். காசநோயும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். புற்றும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சீழ்க்கட்டியும், காளான் நோயும், ஆறிப்போன பழைய தழும்பும் அவ்வாறே தெரியலாம். தேர்ந்த மருத்துவர் நிழலின் வடிவம், ஓரம், இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு வெகுதூரம் கணிப்பார், மறுப்பதற்கில்லை. எனினும் கணிப்பு வேறு, சான்று வேறு. திரைக்குப் பின்னால் நிற்பவரின் நிழலைக் கண்டு, ஆள் இருப்பதை அறியலாம். அவர் பெயரை அறிய, திரையை விலக்கித்தானே ஆக வேண்டும்?

*

திரையை விலக்கத் துணிந்தது நியூயார்க் மெமோரியல் மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவர் ஹேயஸ் மார்ட்டினும், அவருடன் பணியாற்றிய எட்வர்டு எல்லிசும், சாதாரண ஊசியையும் உறிஞ்சு குழலையும் கொண்டு கட்டிகளிலிருந்து உயிரணுக்களை எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றிப் பார்க்கும் முறையை 1930-இல் வெளியிட்டனர்.

அப்போது எழுந்த எதிர்ப்பு என்ன தெரியுமா? “ஊசி பட்டால் புற்று பரவிவிடும்!” ஆம், நம் பக்கத்து வீட்டார் இன்று பேசும் அதே பேச்சு. அன்று அதைப் பேசியவர்கள் படித்த மருத்துவர்கள். அச்சம் அவர்களுக்கும் இருந்தது, நமக்கும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றே. அவர்கள் அச்சத்தை ஆராய்ந்தனர். நாம் அச்சத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கிறோம். ஆராய்ந்து அவர்கள் கண்டது என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

1960-களில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் நார்டன்ஸ்ட்ரோம் என்பவர், எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை நுரையீரல் கட்டிக்குள் செலுத்தும் முறையை வளர்த்தார். 1971-இல் இங்கிலாந்தின் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் இயந்திரம் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. உடலைக் குறுக்கே நறுக்கியதைப் போலப் படம் காட்டும் அந்த இயந்திரம், சில ஆண்டுகளிலேயே ஊசிக்கும் வழிகாட்டியது. நுரையீரலின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் சிறு கட்டியையும் அது காட்டும். இன்றும் அப்பணியைச் செய்கிறது. ஆனால், கதிர்வீச்சு உண்டு. ஊசியைச் சிறிது நகர்த்துவதும், பின்பு படம் எடுத்துப் பார்ப்பதுமாக வேலை நடக்க வேண்டியதும் உண்டு. மூச்சு விடும் மனிதனின் நுரையீரலோ காத்திருப்பதில்லை. இரண்டு படங்களுக்கு இடையே கட்டி நகர்ந்துவிடலாம்.

ஊசி நகரும்போதே பார்க்க வேண்டும், கதிர்வீச்சும் இருக்கக்கூடாது, நோயாளியின் படுக்கைக்கே கருவி வர வேண்டும். இத்தனையும் நிறைவேற்றத்தக்க துணை ஒன்று, மருத்துவ உலகுக்குத் தொடர்பே இல்லாத இடங்களில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒலிதான் அது!

*

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலிய அறிஞர் ஸ்பாலன்சானி, கண்ணிழந்த வெளவாலும் இருட்டில் இடிபடாமல் பறப்பதைக் கண்டார். காதை அடைத்தாலோ முட்டி மோதுவதை அறிந்தார். மனிதக் காது, வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்பதில்லை. கேளாத அந்த ஒலியைத்தான் மீயொலி என்கிறோம். வெளவால் மீயொலியை எழுப்பி, எதிரொலியைக் கொண்டு வழி அறிகிறது.

1880-இல் பிரான்சின் கியூரி உடன்பிறப்புகள், பியரும் ஜாக்கும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். அவ்வகைப் படிகத்துக்கு மின்சாரம் ஊட்டினால் அது அதிரும் என்பதும் விரைவில் தெரிந்தது. முதல் உலகப் போரின்போது, கடலுக்கடியில் மறைந்து வரும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க, லாஞ்சுவான் அந்தப் படிகத்தைக் கொண்டே நீருக்குள் மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டார். பின்னாளில் தொழிற்சாலைகள், இரும்புத் தகட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதே முறையைக் கையாண்டன.

1955-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பெண்கள் மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, அறுவையில் அகற்றிய கட்டிகளைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார்! இரும்பின் வெடிப்பைக் காட்டும் கருவி, நீர்க்கட்டிக்கும் திண்ணிய கட்டிக்கும் வேறுபாடு காட்டுமா என்று பார்க்கவே அந்தப் பயணம். காட்டியது. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும், மருத்துவர் மாக்விகாரும் துணைநிற்க, அவர்களின் ஆய்வு 1958-இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்தது.

அவர்கள் கண்ட நோயாளிகளில் ஒரு பெண்மணி. வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது, அறுவைக்கும் இடமில்லை என்று முடிவு கட்டப்பட்டிருந்தவர். டொனால்டு மீயொலியைச் செலுத்திப் பார்த்தார். திரையில் தெரிந்தது நீர்க்கட்டியின் தோற்றம்! அறுவை செய்தனர், கருப்பையருகே வளர்ந்திருந்த நீர்க்கட்டி அகற்றப்பட்டது, சாவுக்கு நாள் குறிக்கப்பட்டவர் பிழைத்தார். ஊகம் அவரைச் சாகச் சொன்னது. சான்று அவரை வாழவைத்தது. இதனினும் பெரிய பாடம் வேறென்ன வேண்டும்?

*

வயிற்றுக்குள் வெற்றிபெற்ற மீயொலி, மார்பின் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டது. காரணம், காற்று. சதையிலே வினாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒலி, காற்றைச் சந்தித்ததும் ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பி எறியப்படுகிறது. நுரையீரலோ காற்றின் கருவூலம். ஆகவே, “நுரையீரலுக்கு மீயொலி பயன்படாது” என்று பாடநூல்கள் தீர்ப்பு எழுதின.

தீர்ப்பைப் படித்து வணங்கிவிட்டுப் போகாமல், சிலர் சிந்தித்தனர். ஆரோக்கியமான நுரையீரலில் காற்று இருக்கிறது, மெய்தான். கட்டி இருக்கும் இடத்தில் காற்று ஏது? கட்டி வளரும்போது காற்றை வெளியேற்றிவிட்டுத்தானே அந்த இடத்தைப் பிடிக்கிறது? அந்தக் கட்டி மார்புச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்குமானால், மீயொலி தடையின்றி உள்ளே செல்லுமே! நோய், தன்னைக் காட்டிக்கொடுக்கும் சன்னலைத் தானே திறந்து வைத்திருக்கிறது!

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹோல்ம் என்பவரும் அவர் குழுவினரும், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மீயொலியைக் கொண்டு ஊசிக்கு வழிகாட்டும் முறையை உருவாக்கினர். 1976-இல் அமெரிக்காவில் சந்திரசேகர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியோரும், நுரையீரலின் ஓரத்தில் உள்ள கட்டிகளுக்கு அம்முறையைக் கையாண்டு வெளியிட்டனர். 1985-இல் தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பான்-சிர் யாங் குழுவினர் அதை மேலும் வளர்த்தனர். தட்டிக் கேட்ட அவென்பிரக்கரின் விரல், இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, படம் காட்டும் விரலாக மாறியது.

இன்று அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், அச்சம் அகலும். முதலில் இரத்தம் உறையும் தன்மையைச் சோதிப்பர். இரத்தத்தை இளக்கும் மருந்து உண்பவரா என்று கேட்பர். நோயாளியை வசதியாக உட்காரவோ படுக்கவோ வைத்து, தோலைத் தூய்மை செய்து, கருவியை மார்பின் மீது வைத்துக் கட்டி இருக்கும் இடத்தையும் ஆழத்தையும் அளப்பர். வழியிலே இரத்தக் குழாய் உண்டா என்று வண்ணத்திலே காட்டும் வசதியும் அக்கருவிக்கு உண்டு. தோலிலிருந்து நுரையீரலின் உறை வரை மரத்துப் போவதற்கு மருந்து செலுத்துவர். விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. ஆதலால், ஊசி எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே நுழைகிறது. “மூச்சைச் சிறிது நிறுத்துங்கள்” என்பார் மருத்துவர். திரையிலே ஊசி, ஒளிக்கோடாக நகர்ந்து கட்டிக்குள் புகுவது தெரியும். உயிரணுக்களை உறிஞ்சி எடுக்கும் மெல்லூசி உண்டு. நூலிழை போலச் சதைத் துண்டை வெட்டி எடுக்கும் ஊசியும் உண்டு. பின்பு சில மணி நேரம் கண்காணிப்பு. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர்.

கட்டி மார்புச் சுவரைத் தொடாமல், நடுவிலே, பெரிய மூச்சுக்குழாயை ஒட்டி இருந்தால்? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1897-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கில்லியன், உழவர் ஒருவரின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழாய் விட்டு எடுத்தார். 1949-இல் அர்ஜென்டினாவின் ஷியெப்பாட்டி, அவ்வகைக் குழாய் வழியே ஊசியைச் செலுத்தி, மூச்சுக்குழாய்ச் சுவருக்கு அப்பாலுள்ள திசுவை எடுத்துக் காட்டினார். 1960-களில் ஜப்பானின் இக்கேடா, வளைந்து செல்லும் மெல்லிய குழாயை அமைத்தார். அமெரிக்காவின் பால்டிமோரில் கோ-பென் வாங், ஊசி முறையைப் பரப்பினார். ஆயினும் சுவருக்கு அப்பால் ஊசி குருடாகவே சென்றது. 1992-இல் ஜெர்மனியின் ஹூர்ட்டரும் ஹன்ராத்தும் மூச்சுக்குழாய்க்குள்ளேயே மீயொலியைக் கொண்டு சென்றதை வெளியிட்டனர். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்து யாசுபுக்கு குழுவினர், குழாயின் முனையிலேயே மீயொலிக் கருவியும் அருகிலேயே ஊசியும் அமைத்து, 70 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 2004-இல் வெளியிட்டனர். குருட்டு ஊசிக்கு அங்கேயும் கண் கிடைத்தது!

இதனால் விளைந்த நன்மையை எண்ணிக்கையாகவே சொல்லலாம். நுரையீரல் புற்று, நடுமார்பின் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது தெரியாமல் மார்பைத் திறந்தால், அறுவை வீணாகக்கூடும். ஐரோப்பிய மருத்துவமனைகளில் 241 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. கழுத்தருகே கீறிப் பார்க்கும் பழைய முறையை மட்டும் கையாண்ட பிரிவில், 100-க்கு 18 பேருக்குத் தேவையற்ற மார்பு அறுவை நிகழ்ந்தது. மூச்சுக்குழாய், உணவுக்குழாய் வழியே மீயொலி ஊசியை முதலில் கையாண்ட பிரிவில் அது 100-க்கு 7 பேராகக் குறைந்தது. மார்பைத் திறக்கும் அறுவையிலிருந்து பலரை ஊசிமுனை காப்பாற்றியது!

*

இனி, அந்த அச்சத்துக்கு வருவோம். ஊசி பட்டால் பரவுமா?

மறைக்காமல் சொல்வோம், மறைப்பது பகுத்தறிவாளர் பழக்கமன்று. ஊசி சென்ற வழியிலே புற்றணு தங்கி வளர்ந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அவை மிக மிக அரியவை. பல மருத்துவமனைகளைச் சேர்த்து எடுத்த பெரிய கணக்கெடுப்புகளில் ஆயிரத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஊசிக்குப் பின் நோய் முற்றியதைக் கண்டவர்கள், ஊசியால் முற்றியது என்கின்றனர். காலந்தாழ்ந்து வந்ததால் முற்றியது என்பதை நினைப்பதில்லை. சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதைப் போன்றது அந்த வாதம்!

உண்மையான இடர்கள் வேறு. ஊசி நுரையீரலைத் தொட்டு, காற்று கசிந்து மார்பு உறைக்குள் தங்கலாம். இருமும்போது சிறிது இரத்தம் வரலாம். பெரும்பாலும் தாமே அடங்கும்; சிலருக்குக் குழாய் வைத்துக் காற்றை வெளியேற்ற நேரிடும். மார்புச் சுவரைத் தொடும் கட்டிகளில், மீயொலி வழிகாட்டும் ஊசியால் இந்த இடர் சி.டி. முறையைவிடக் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசியில் புற்றணு கிடைக்கவில்லை என்றால், புற்று இல்லை என்று பொருளன்று. ஊசி உரிய இடத்தைத் தொடாமலும் இருக்கலாம். ஐயம் நீடித்தால் மீண்டும் எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. சிறிய கட்டி, புற்றாக இருக்கும் வாய்ப்பு மிகுதி, உடலும் அறுவைக்கு ஏற்றது என்றால், ஊசியின்றி நேரே அறுவைக்குச் செல்வதும் உண்டு. எதைச் செய்வது என்பதைச் சான்றும் மருத்துவரும் முடிவு செய்யட்டும். திண்ணைப் பேச்சு முடிவு செய்ய வேண்டாம்.

ஊசி எடுத்துவரும் சதை இன்று பேசும் மொழியோ பெரிது. காசநோயா, புற்றா என்பதோடு அது நிற்பதில்லை. காசநோய் என்றால், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்று சொல்லும். புற்று என்றால், எந்த வகை என்று சொல்லும். 2004-இல், சில நுரையீரல் புற்றுகளின் உயிரணுக்களில் ஈ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருப்பதும், அம்மாற்றம் உள்ளவர்களுக்குத் தக்க மாத்திரை நற்பயன் தருவதும் கண்டறியப்பட்டன. புகைபிடித்தறியாத பெண்கள் பலரிடம் அம்மாற்றம் காணப்படுகிறது. மாற்றம் உண்டா என்பதை நிழல் சொல்லாது, நாடி சொல்லாது, சாதகக் கட்டம் சொல்லாது. சதை சொல்லும்!

நம் நாட்டுக்கு இது எவ்வளவு வேண்டியது என்பதை எண்ணிப் பாருங்கள். காசநோய் மிகுந்த நாடு இது. ஆகவே, நுரையீரலில் நிழல் என்றதும் காசநோய் என்று கொண்டு மருந்து தொடங்குவது எளிதாகிவிடுகிறது. பலருக்கு அது சரியாகவும் அமைகிறது. ஆனால், காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, குணம் காணாமல், பின்பு புற்றுநோய் என்று அறிந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஏடுகளே இதைத் திரும்பத் திரும்ப எடுத்துரைத்துள்ளன. அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்? மறுபுறம், புற்று என்று எண்ணிக் கைவிடப்பட்டவருக்கு, மருந்தால் முற்றிலும் குணமாகும் காசநோயே இருந்திருந்தால்? இரண்டு தவறுகளுக்கும் தாய் ஒருத்திதான். அவள் பெயர் ஊகம்.

சான்று கேட்கும் மரபு நமக்குப் புதியதன்று. காசநோயாளியை மருத்துவமனையிலே மாதக்கணக்கில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956-இல், சென்னையிலே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மருத்துவமனையிலும், மறு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்தளித்து ஒப்பிட்டனர். வீட்டிலே இருந்து மருந்துண்டவர்களும் அவ்வாறே குணமடைந்தனர் என்பதை 1959-இல் உலகுக்கு அறிவித்தனர். உலக நாடுகள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ள, சென்னையின் சான்று வழிகாட்டியது. அந்த ஊரில் பிறந்து, அந்தத் தெருக்களில் நடக்கும் நாம், நம் வீட்டு நோயாளிக்கு மட்டும் ஊகம் போதும் என்று இருக்கலாமா?

தோழர்களே! அந்த வீட்டுக்கு நீங்கள் செல்லுங்கள். மூன்று குரல்கள் கேட்கும் அந்தக் கூடத்திலே நான்காவது குரலாக நில்லுங்கள். பெரியவர்களிடம் பணிவோடு, ஆனால் தெளிவோடு கேளுங்கள்: “காசநோய் என்கிறீர்களே, கிருமியைக் கண்டது யார்? புற்று என்கிறீர்களே, அணுவைக் கண்டது யார்?” மருத்துவரிடமும் கேளுங்கள்: “ஐயா, இந்த இடத்துக்கு எந்த வழியில் ஊசி செலுத்தலாம்? என்ன இடர் உண்டு? எடுத்த சதையை எந்தெந்தச் சோதனைக்கு அனுப்புவீர்கள்?” நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். ஊசி அறைக்குச் செல்லும்போது, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உடன் நடந்து செல்லுங்கள். வாதத்தைவிட அது பெரிய துணிவைத் தரும்.

மார்பைத் தட்டிக் கேட்டவர் புறக்கணிக்கப்பட்டார். குழல் வைத்துக் கேட்டவர் அந்த நோய்க்கே பலியானார். கட்டிகளைக் காரில் ஏற்றித் தொழிற்சாலைக்குச் சென்றவர் முயன்று வென்றார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் நடந்து வந்த வழியின் முடிவிலே, ஒரு மில்லிமீட்டர் அளவே பருமன் உள்ள ஊசி நிற்கிறது. அதன் முனையிலே, உயிரோடு இருக்கும் மனிதனுக்காக, உயிரோடு இருக்கும்போதே கிடைக்கும் உண்மை இருக்கிறது.

ஊசி சிறிது வலிக்கும். ஊகம் வலிப்பதே இல்லை. அதனால்தான் அது இத்தனை உயிர்களைக் கொன்றும் நல்ல பெயரோடு உலவுகிறது!